அந்த நேரத்தைக் கடத்திவிட்டால்

காரைக்கால் பகுதியிலுள்ள திருவேட்டக்குடியில் கடலும் உண்டு, வயலும் உண்டு, புதுச்சேரி என்ஐடி வளாகமும் உண்டு. மீன்பாடு இல்லாத நாட்கள், விளைச்சல் பொய்த்த கடன், அரியர் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கவலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரியில் 29.7 பேர்.

'பரீட்சையில் தோல்வி', 'குடும்பத் தகராறு' என்று செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உண்மை அத்தனை எளிதல்ல. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு, குடி, கடன், அவமானம், தனிமை எல்லாம் நாள்பட ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆனால் கடைசி முடிவு பலருக்குச் சில நிமிடங்களில் எழுவது. அந்த வேகம் தணிந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். தடுப்புப் பணிக்கான பிடிமானம் இங்கேதான் இருக்கிறது.

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். அவரது குழு காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்து, 2013-இல் முடிவை வெளியிட்டது. விவசாயிகளின் வீட்டு மூலையில் கிடந்த பூச்சிமருந்தை ஊர்ப்பொதுவான ஒரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். வங்கி லாக்கர்போல ஆளுக்கொரு பூட்டிய பெட்டி, பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். கோபமும் அழுகையுமாக இருக்கும் இரவில் மட்டும் அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஊரார் இதை மனமுவந்து ஏற்றார்கள். இலங்கையோ இதையே வேறு வழியில், நாடு தழுவிய அளவில் செய்தது: 1995-இல் லட்சத்துக்கு 47 என்றிருந்த விகிதம், கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு சுமார் 70 சதவீதம் குறைந்தது.

அதேபோல, பள்ளித் தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் சீக்கிரமே மறுபடி எழுத வழி பிறந்ததிலும் ஸ்நேகாவின் வற்புறுத்தலுக்குப் பங்குண்டு. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த காரைக்கால் பிள்ளைகளுக்கும் இது உதவியது.

முயன்று பிழைத்தவர்தான் அடுத்த ஆபத்திலும் முன்னால் நிற்கிறார். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் அப்படிப் பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்தார்கள்; தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். "சாப்பிட்டியாப்பா, தூங்கினியா?" என்று விடாமல் கேட்பதற்கு இத்தனை பலன் என்பது வியப்புக்குரியது. மனச்சோர்வுக்கு மாத்திரையும் ஆலோசனையும் வேண்டும்தான். அதோடு விசாரிக்க ஓர் ஆளும் வேண்டும்.

"செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறு, கேட்டால் பாரம் குறைகிறது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கவும் வேண்டாம். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது; சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050.