இன்கா பாதையில் இருபது கிலோ

மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் மலை நடை. பயணிகள் மூச்சு வாங்க ஏறும் கணவாய்களைக் கூடாரம், காஸ் சிலிண்டர், சாப்பாட்டு மேஜை சகிதம் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள் கெச்சுவா விவசாயிகள். அவர்களைக் காப்பாற்ற இருப்பது ஒரு சட்டமும் ஒரு தராசும்.

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து மச்சு பிச்சுவை நோக்கிப் போகும் ரயில் பாதையில் 82-வது கிலோமீட்டர். ஊருக்கு பிஸ்ககுச்சோ என்று பெயர் உண்டு. ஆனால் 'கிலோமீட்டர் 82' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காலையில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. உருபம்பா நதியின் இரைச்சலுக்கு மேலே பேச்சுச் சத்தம், சிரிப்பு, போட்டோ பிடிக்கும் அமர்க்களம். சோதனைச் சாவடியில் இரண்டு வரிசைகள். ஒன்றில் வெளிநாட்டுப் பயணிகள், கையில் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும். இன்னொன்றில் முதுகில் மூட்டையோடு பழுப்பேறிய முகங்கள். அந்த வரிசை முடியும் இடத்தில் ஒரு தராசு இருக்கிறது.

முதல் வரிசையில் சோதிக்கப்படுவது பெயர். இரண்டாவதில் சோதிக்கப்படுவது எடை.

இங்கிருந்து மச்சு பிச்சுவுக்கு சுமார் 43 கி.மீ. தூரம்தான். ரயிலில் போனால் சில மணி நேரம். நடந்தால் நான்கு நாள், மூன்று இரவு. புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரம். மிக உயரமான கணவாய் 4,215 மீட்டர். கேதார்நாத் கோயில் இருக்கும் உயரத்தைவிட இது 600 மீட்டருக்கும் மேலே. போய்ச் சேரும் மச்சு பிச்சுவோ 2,430 மீட்டரில், புறப்பட்ட இடத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆக, ஏறியதை எல்லாம் இறங்கித் தீர்க்க வேண்டும். இன்கா மன்னர்கள் காலத்தில் போட்ட கற்படிகள் பல இடங்களில் இன்னமும் அப்படியே இருக்கின்றன. முழங்கால்கள் அழத் தொடங்குவது ஏற்றத்தில் அல்ல, இந்தப் படிகளில் இறங்கும்போதுதான்.

இந்தப் பாதை தனித்து நின்ற பாதை அல்ல. இன்று ஆறு நாடுகளில் சிதறிக் கிடக்கும், 30,000 கி.மீ. நீளமுள்ள 'கபாக் நியான்' என்ற இன்கா சாலை வலையின் ஒரு துண்டு. 2014-ல் யுனெஸ்கோ இந்தச் சாலை வலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மச்சு பிச்சு 1983-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. இவ்வளவு பெரிய சாலையைப் போட்டவர்கள் போக்குவரத்துக்குச் சக்கரத்தைப் பயன்படுத்தவில்லை. குதிரையை ஸ்பானியர்கள் வந்த பிறகுதான் பார்த்தார்கள். இருந்தது லாமா ஒன்றுதான். அது சுமார் 25, 30 கிலோ வரை சுமக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அப்படியே படுத்துக்கொள்ளும், அடித்தாலும் எழுந்திருக்காது. மற்ற சுமையெல்லாம் மனிதர் முதுகில்தான் போயிற்று.

இன்றும் அப்படித்தான். பழைய கற்கள் குளம்படியில் பெயர்ந்துவிடும் என்பதால் மலைப்பகுதிக்குள் குதிரை, கோவேறு கழுதைகளுக்குத் தடை. பக்கத்திலேயே இருக்கும் சல்கந்தாய் மலைப் பாதையில் இந்தத் தடை இல்லை. 4,600 மீட்டரைத் தாண்டும் அந்தக் கணவாயில் கோவேறு கழுதைகள் மூட்டை சுமக்கின்றன. இன்கா பாதையில் கல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. மிஞ்சியது மனிதர்களைக் காப்பாற்றும் வேலை.

1980-களில் இந்தப் பக்கம் வர வெளிநாட்டினர் பயந்தார்கள். 'ஒளிரும் பாதை' கெரில்லாக்கள் பெருவை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1992 செப்டம்பரில் அவர்களின் தலைவர் அபிமாயெல் குஸ்மான் பிடிபட்டதும் பயம் குறைந்தது, கூட்டம் பெருகியது. அப்போது கட்டுப்பாடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு யாரும் தனியாக நடக்கலாம், கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாம். குப்பை மலையாகக் குவிந்தது. நூற்றாண்டுகள் பழைய சுவரோரங்கள் திறந்தவெளிக் கழிப்பிடங்களாயின. கடைசியில் புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு அரசு கதவை இறுக்கிப் பிடித்தது. வழிகாட்டி இல்லாமல் யாரும் போக முடியாது. நாளொன்றுக்கு 500 பேர்தான். இதில் வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கிகள் எல்லோரும் அடக்கம். இவர்களைக் கழித்தால் பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். பெர்மிட்டை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. பிப்ரவரியில் மழைக்காகவும் பராமரிப்புக்காகவும் பாதை முழுவதுமாக மூடப்படும்.

500-ல் 300 என்ற கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பயணி நடக்க ஒன்றரை ஆள் உழைக்க வேண்டியிருக்கிறது. படுக்கும் கூடாரம், சாப்பாட்டுக் கூடாரம், மேஜை, முக்காலிகள், அடுப்பு, காஸ், நான்கு நாளைக்கான அரிசி, கோழி, முட்டை, சில குழுக்களில் தூக்கிச் செல்லும் கழிப்பறை. இவ்வளவும் முதுகில். பயணி தன் துணிமணியையும் தூங்கும் பையையும் சுமக்க விரும்பாவிட்டால் அதற்கும் ஏற்பாடு உண்டு. ஏழு கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் போதும். டிராவல் ஏஜென்சிகளின் விளம்பரத் தாள்களில் இதற்குப் பெயர் 'அரை போர்ட்டர்'. முழு மனிதரைப் பாதியாக விற்கும் இந்தச் சொல் யாருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள்தான் எல்லோரையும் சோதிக்கிறது. முதல் இரவு தங்கும் வய்யபம்பா சுமார் 3,000 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 1,200 மீட்டர் நேர் ஏற்றம். முதலில் ஓடையோரக் காடு, பிறகு மரங்கள் குட்டையாகி, கடைசியில் காய்ந்த புல்லும் காற்றும் மட்டும். தலைக்கு மேலே தெரியும் கணவாயின் பெயர் 'வார்மி வன்யுஸ்கா'. கெச்சுவா மொழியில் 'இறந்த பெண்' என்று பொருள். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம் போலத் தெரிவதால் வந்த பெயர். அருகே போகப் போக உருவம் மறைந்து படிகள் மட்டும் மிஞ்சும்.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறைகிறது. பத்துப் படி ஏறினால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை: இதை உள்ளூரில் 'சொரோச்சே' என்கிறார்கள். அலட்சியப்படுத்தினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரையே வாங்கும். இளைஞர், விளையாட்டு வீரர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. அதனால்தான் குஸ்கோவில் இறங்கியதும் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். குஸ்கோவே 3,400 மீட்டரில் இருக்கிறது. சிலர் டாக்டர் யோசனையோடு அசெட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். வழிகாட்டிகள் கோக்கா இலைத் தேநீரை நீட்டுகிறார்கள். இலையை மெல்வது இங்கே சட்டப்படி குற்றமல்ல. களைப்பும் பசியும் மட்டுப்படும் என்பது மலை மக்களின் அனுபவம். மலை நோயை அது தடுக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை. நோய் முற்றினால் ஒரே மருந்து கீழே இறங்குவது. இங்கே சாலை கிடையாது. நடக்க முடியாத பயணியை முதுகில் சுமந்து இறங்குவதும் சுமைதூக்கிதான்.

அவருக்கு மூச்சு வாங்காதா? பல ஆயிரம் ஆண்டுகளாக இந்த உயரத்தில் வாழும் பரம்பரை என்பதால் ஆண்டீஸ் மக்களுக்கு மார்புக்கூடு அகலம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம். ஆனால் அதற்கும் விலை உண்டு. ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்டு வரும் நாள்பட்ட மலை நோயை 1925-ல் விவரித்தவர் பெருவின் டாக்டர் கார்லோஸ் மோங்கே. மருத்துவ உலகில் இன்றும் அவர் பெயரால் அது அழைக்கப்படுகிறது. மலையில் பிறந்தவர்களுக்கு எதுவும் ஆகாது என்பது பயணிகளின் மனச் சமாதானம். முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும் எந்தப் பரம்பரையும் கைகொடுப்பதில்லை.

கணவாயில் ஒரு காட்சி தினமும் நடக்கிறது. பயணிகள் கைத்தடியை ஊன்றிப் படிக்குப் படி நின்று ஏறுகிறார்கள். பின்னால் ஒரு குரல் கேட்கிறது. அனைவரும் ஓரம் ஒதுங்குகிறார்கள். பழைய டயரில் வெட்டிய செருப்பும் வாயோரம் கோக்கா உருண்டையுமாக, தலைக்கு மேல் உயர்ந்த மூட்டையோடு ஒருவர் குனிந்தபடி கடந்து போகிறார். காலையில் பயணிகள் புறப்பட்ட பிறகு கூடாரத்தைப் பிரித்துக் கட்டியவர் அவர். மாலையில் அவர்கள் வந்து சேர்வதற்கு முன் அதே கூடாரத்தை அடித்து, வெந்நீரும் வைத்திருக்க வேண்டும்.

2001-க்கு முன் அந்த மூட்டையின் எடை 40 கிலோ, சில வேளை 50 கிலோ. கூலி ஏஜென்சி வைத்ததே சட்டம். இரவில் சாப்பாட்டுக் கூடாரத்தின் தரையில் தூக்கம், பயணிகள் உண்டு மிஞ்சியது உணவு. அந்த ஆண்டு டிசம்பரில் பெரு நாடாளுமன்றம் 27607 எண்ணுள்ள சட்டத்தைக் கொண்டுவந்தது. சுமைதூக்கிக்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. உணவு, தங்குமிடம், காப்பீடு எல்லாம் ஏஜென்சியின் பொறுப்பு. தினக்கூலி, அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வரி அலகில் 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2002 கணக்கில் அது சுமார் 37 சோல். வரி அலகு உயர உயரக் கூலியும் தானாக உயரும். கூலியை நேரடித் தொகையாக எழுதாமல் வரியோடு முடிந்துவைத்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

காகிதத்தில் இருந்தது மலையேறியதா? பாதி ஏறியது. நடைமுறையில் 20 கிலோ பொதுச்சுமையோடு சொந்தத் துணிமணிக்கு 5 கிலோ சேர்ந்து 25 ஆனது. தராசைத் தாண்டும்வரை ஒருவர் மூட்டையை இன்னொருவர் பகிர்ந்துகொள்வதும், தாண்டிய பிறகு பழையபடி ஒரே முதுகில் ஏற்றுவதும் புகார்களாக வந்துகொண்டே இருந்தன. அதனால்தான் வய்யபம்பாவிலும் எடை பார்க்கிறார்கள். நூற்றுக்கும் அதிகமான ஏஜென்சிகள் போட்டி போடும் தொழிலில் விலையைக் குறைக்க எளிய வழி ஓர் ஆளைக் குறைப்பது. அந்த ஆளின் 20 கிலோ மற்றவர்களின் மூட்டைக்குள் புகுந்துகொள்ளும். மலிவான பயணத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இவர்கள் முழுநேரச் சுமைதூக்கிகள் அல்லர். பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள கிராமங்களில் உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடும் விவசாயிகள். நம் வீட்டு மசாலா தோசைக்குள் இருக்கும் கிழங்கின் தாயகமும் இந்த மலைகள்தான். சிக்கல் என்னவென்றால் மழை ஓய்ந்து பயணிகள் கூட்டம் ஏறத் தொடங்கும் மே, ஜூனில்தான் கிழங்கு அறுவடையும் நடக்கிறது. ஆண்கள் பாதைக்குப் போனால் வயலில் பெண்களும் பிள்ளைகளும். அடுத்த படி சமையல்காரர். அதுவரை எட்ட முடியும். வழிகாட்டியாக வேண்டுமானால் சுற்றுலாப் படிப்பும் ஆங்கிலமும் வேண்டும். கெச்சுவா மட்டுமே நாவில் புரளும் ஒருவருக்கு அந்தப் படி வார்மி வன்யுஸ்காவைவிடச் செங்குத்தானது.

2010-களின் பிற்பகுதியிலிருந்து பெண்களும் சுமை தூக்க வந்திருக்கிறார்கள். கிராமத்தில் கேலி, கூடாரங்களில் தனி இடமில்லாத சங்கடம் எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்தார்கள். 2022-ன் இறுதியில் வந்த புதிய சட்டம் அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது: ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. சட்டம் வந்த வேளைதான் சரியில்லை. கொரோனாவால் 2020-ல் மாதக்கணக்கில் மச்சு பிச்சு மூடிக்கிடந்த நஷ்டத்திலிருந்து எழுந்து நிற்பதற்குள், 2023 ஜனவரியில் அரசியல் கிளர்ச்சியால் மறுபடி கதவு சாத்தப்பட்டது. பயணி வராத நாளில் தினக்கூலியும் இல்லை, காப்பீடும் இல்லை.

கூலிக் கணக்கு இந்த மலைக்குப் பழையது. 1911 ஜூலை 24 அன்று அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் பிங்காமை மச்சு பிச்சுவுக்கு அழைத்துப் போனவர் மெல்சோர் ஆர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. தூறல் காலையில் கிளம்ப மனமில்லாமல் இருந்தவர், ஒரு சோல் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார். அன்றாடக் கூலியைப்போல அது மூன்று நான்கு மடங்கு என்று பிங்காமே எழுதியிருக்கிறார். மேலே போனபோது அந்த இடிபாடுகளுக்கு நடுவே விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்து கொண்டிருந்தன. ஒரு சிறுவன்தான் அவருக்கு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். கண்டுபிடித்தவர் என்ற பெயர் என்னவோ பிங்காமுக்குப் போனது.

மூன்றாம் நாள் இரண்டு கணவாய்கள், சாயக்மார்கா, புயுபதமார்கா இடிபாடுகள், மேகக் காடு, ஆர்க்கிட் பூக்கள். நடையிலேயே அழகான பகுதி இது என்று பலரும் சொல்கிறார்கள். கடைசி முகாம் வின்யாய் வைனா. 'என்றும் இளமை' என்று அர்த்தம். அன்று மாலை பயணிகள் ஒரு வட்டமாகவும் சுமைதூக்கிகள் எதிரே ஒரு வரிசையாகவும் நிற்பார்கள். ஒவ்வொருவராகத் தன் பெயர், ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை சொல்வார், வழிகாட்டி மொழிபெயர்ப்பார். டிப்ஸ் கவர் கைமாறும். நான்கு நாளில் பலரும் முதல்முறை பெயர் சொல்லிப் பேசிக்கொள்வது அப்போதுதான்.

மறுநாள் மூன்று, மூன்றரை மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். சூரிய வாசல் எனப்படும் இன்டி புங்குவில் விடியலைப் பார்க்க என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். சோதனைச் சாவடி திறப்பதோ ஐந்தரைக்கு. அதுவரை இருட்டில் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவ்வளவு சீக்கிரம் எழுப்புவதற்குக் காரணம் வேறு: கூடாரங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு சுமைதூக்கிகள் கீழே ஓடி, உள்ளூர்க்காரர்களுக்கான அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் அன்றைய பொழுது போயிற்று.

ஆகவே சூரிய வாசலில் பனி விலகி, கீழே மச்சு பிச்சு முதன்முதலாகத் தெரியும் நேரத்தில் கூட இருப்பவர் வழிகாட்டி மட்டுமே. மற்றவர்கள் எதிர்த் திசையில் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் ஆட்களை அழைத்துப் போய் அந்த இடிபாடுகளைச் சுற்றிக் காட்டும் ஏஜென்சிகள் சில இருக்கின்றன. மற்றபடி, பல ஆண்டுகள் இந்தப் பாதையில் சுமை தூக்கியும் மச்சு பிச்சுவுக்குள் ஒருமுறைகூடக் காலடி வைக்காதவர்கள் அந்த ரயிலில் நிறையப் பேர்.