கணக்கு உத்தியோகத்துக்கு நேர்முகம் காணப் போகிறவர்களுக்கு

"அக்கவுண்ட்ஸ் மற்றும் அட்மின் உதவியாளர் தேவை, பி.காம்., டேலி, ஜி.எஸ்.டி. தெரிந்திருத்தல் அவசியம்" என்று விளம்பரத்தில் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகிற அந்த உத்தியோகம், திருப்பூரிலோ அம்பத்தூரிலோ உள்ள ஒரு நடுத்தர ஸ்தாபனத்துக்குள் போய்ப் பார்த்தால், காலையில் தபாலைப் பிரிப்பதில் தொடங்கி, பில்களைப் பதிந்து, வங்கிக்குக் காசோலை அனுப்பி, தொழிலாளரின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்து, ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மாலையில் வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வது வரையில் விரிந்து கிடக்கிறது. இத்தனை காரியங்களையும் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிற முதலாளி, அரைமணி நேரச் சம்பாஷணையில் அறிய விரும்புவது, வந்தவருக்கு எத்தனை விதிகள் மனப்பாடம் என்பதையல்ல. தம் பணமும் காகிதமும் அவர் கைக்குப் போனபின், அவை எங்கே இருக்கின்றன என்று எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் கிடைக்குமா என்பதைத்தான்.

விண்ணப்பித்தவர்களில் பலர் இதற்கு நேர்மாறாகத் தயாராகிறார்கள். பெறுபவரைப் பற்று செய்க, தருபவரை வரவு செய்க என்று தொடங்கும் பொன்விதிகள் மூன்றையும் பேருந்தில் வரும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்து, கேட்டவுடன் தடுமாறாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் எதிரே இருப்பவர், "சரிங்க தம்பி, போன வாரம் நாம் விற்ற சரக்கில் பாதியைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இப்போது கணக்கில் என்ன போடுவீர்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டதும், விதி சொன்ன வாய் அடைத்துக்கொள்கிறது. விற்பனைத் திருப்பத்துக்கு ஒரு கிரெடிட் நோட் எழுதி, வாடிக்கையாளர் கணக்கில் அத்தொகையை வரவு வைத்து, நாம் செலுத்தவேண்டிய வரியையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டு, திரும்பி வந்த சரக்கைக் கிடங்கு இருப்பில் தனியே காட்டவேண்டும் என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவரிடம், பிறகு யாரும் பொன்விதியைக் கேட்பதில்லை.

ஆகையால், வினாவிடைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஏதேனும் ஒரு சிறு வியாபாரத்தின் ஒரு மாதக் கணக்கை முதல் பில்லிலிருந்து மாதக் கடைசி வரை தன் கையாலேயே எழுதிப் பார்ப்பதுதான் நான் சிபாரிசு செய்யும் வழி. மாமாவின் ஹார்டுவேர் கடையாக இருந்தாலும் சரி, கற்பனையான ஒரு பனியன் கம்பெனியாக இருந்தாலும் சரி. திருப்பூரில் உள்ள அந்தக் கம்பெனி, கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து 1,00,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு வரி 5 சதவீதம். விற்றவரும் வாங்கியவரும் ஒரே மாநிலத்தில் இருப்பதால் அது மத்திய வரி 2,500, மாநில வரி 2,500 என்று இரண்டாகப் பிரியும். அதே நூல் குஜராத்திலிருந்து வந்திருந்தால் 5,000 ரூபாயும் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே தலைப்பில் நிற்கும். கொள்முதல் பற்று 1,00,000, உள்ளீட்டு வரி பற்று 5,000, மில்லின் கணக்கில் வரவு 1,05,000.

இதுவரை பாடப்புத்தகம், இதற்கு மேல்தான் உத்தியோகம். மில்லின் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் தமிழ்நாட்டுக்குரிய 33 இல் தொடங்குகிறதா, அதையடுத்த பத்து இடங்களில் அதன் பான் எண் நிற்கிறதா, நம் கம்பெனியின் எண் பிழையின்றி அச்சாகியிருக்கிறதா, லாரியோடு ஈ-வே பில் வரவேண்டிய சரக்கானால் அது வந்ததா, கிடங்குக்காரர் எடை பார்த்துக் கையொப்பமிட்டாரா என்றெல்லாம் பில்லைப் புரட்டிப் பார்த்த பிறகே பதிவுக்கு உட்காருகிறவர்தான் கணக்கர். மாதாமாதம் தாக்கல் செய்யும் அந்த மில், அடுத்த மாதம் 14 ஆம் தேதி தயாராகும் 2பி அறிக்கையில் வரும்படி இந்தப் பில்லைக் காட்டியிருந்தால்தான், நாம் கொடுத்த 5,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள முடியும். காட்டாமல் விட்டிருந்தால், யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எப்படிப் பேசி அதைச் சேர்க்கச் செய்வது என்பதும் கணக்கர் வேலையில் சேர்ந்ததே. "2பி-யில் வராத பில்லை என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தில், மிகப் பலர் தடுக்கி விழுகிற இடம் வங்கிச் சரிகட்டும் பட்டியல். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கூட, மேஜைமேல் ஒரு வங்கி அறிக்கையை வைத்து, "இதைச் சரிபாருங்கள் அம்மா" என்று சொன்னால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று திகைப்பதுண்டு. நம் ஏட்டின்படி வங்கியிலிருக்கும் தொகை 82,400 ரூபாய், வங்கி அறிக்கையிலோ 76,810 என்று இருக்கட்டும். நாம் கொடுத்த 15,000 ரூபாய்க் காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. நாம் போட்ட 20,000 ரூபாய்க் காசோலை இன்னும் வசூலாகவில்லை. வங்கி தன் கட்டணமாக 590 ரூபாயை எடுத்துக்கொண்டது நமக்குத் தெரியாது. 82,400 உடன் 15,000 ஐக் கூட்டி, 20,000 ஐயும் 590 ஐயும் கழித்தால் 76,810 வந்துவிடுகிறது; பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் கேட்பவர் காத்திருப்பது இதற்கு அடுத்த வாக்கியத்துக்காக. இந்த மூன்றில் முதல் இரண்டும் காலம் செல்லச் செல்லத் தாமே சரியாகிவிடக்கூடியவை, அவற்றுக்காக ஏட்டில் எதையும் எழுதவேண்டியதில்லை. மூன்றாவதோ நாம் பதிவு செய்தாலொழிய என்றைக்கும் சரியாகாது. அதோடு, அந்த 590 ரூபாயைக் கண்டவுடனேயே அது 500 ரூபாய்க் கட்டணமும் 18 சதவீத வரியான 90 ரூபாயும் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்து, நம் ஜி.எஸ்.டி. எண்ணை வங்கியில் கொடுத்து வைத்திருந்தால் அந்த 90 ஐயும் உள்ளீட்டு வரியாக எடுக்கலாமே என்று ஒருவர் சொல்வாரானால், மேஜைக்கு அந்தப் புறம் இருக்கும் ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவார். தொகை அற்பமானதுதான், ஆயினும் அற்பத் தொகையில் கண் நிற்கிறதா என்று பார்ப்பதற்கே இந்தத் துறையில் மனிதர்களை நேரில் அழைக்கிறார்கள்.

இதைப்போலவே, "டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது, பிறகும் தப்பு இருக்குமா?" என்பது பழம்பெரும் கேள்வி. கையால் பேரேடு எழுதிய காலத்துக் குமாஸ்தாக்கள், இரு பக்க வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று ஊகித்து, 900 ரூபாய் வித்தியாசத்துக்கு 5,400 ஐ 4,500 என்று எழுதிய வரியைத் தேடிப் பிடிப்பார்கள். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அத்தொகை பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். டேலியோ இரு பக்கமும் சமமாகாத வவுச்சரை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆகவே இன்றைய பிழைகள் கூட்டலில் ஒளிந்திருப்பதில்லை. புதிதாக வாங்கிய தையல் இயந்திரம் பழுதுபார்ப்புச் செலவில் ஏறியிருப்பது, ஒரே பில் இருமுறை பதிவாகியிருப்பது, ஒரு பில் பதிவே ஆகாமல் யாருடைய மேஜை இழுப்பறையிலோ கிடப்பது என்று, கூட்டலைக் கெடுக்காமலே குடியிருக்கின்றன. டேலியில் எந்தப் பிழை நேராது, எந்தப் பிழை நேரும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால், "டேலி தெரியும்" என்று பயோடேட்டாவில் எழுதியதற்கு ஒரு பொருள் உண்டாகும். எஃப்-5 பணம் கொடுப்பதற்கு, எஃப்-6 வாங்குவதற்கு, எஃப்-7 ஜர்னலுக்கு என்ற சாவிகளைக் கேட்கிறவர்களும் உண்டு. அவை பழக்கத்தில் விரலுக்கு வந்துவிடும். எக்ஸெலில் வி-லுக்கப்பும் பிவட் டேபிளும் அப்படியல்ல. உட்கார வைத்துச் செய்யச் சொல்லுவார்கள்.

மாதத்தின் தேதிகள் நாவில் இருக்கவேண்டும். வருமானவரிப் பிடித்தத்தைச் செலுத்த 7, மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 க்கு 11, பி.எஃப்.புக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் 15, வரி கட்டும் 3பி-க்கு 20. மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். பி.எஃப்.பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்கு 0.75, முதலாளிக்கு 3.25 என்பன போன்ற விகிதங்களை நேர்முகத்துக்கு முதல்நாள் அரசுத் தளங்களிலேயே ஒருமுறை பார்த்துக்கொண்டு போவது நல்லது; பழைய புத்தகங்கள் இந்த விஷயத்தில் நம்பத் தகாதவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யின் 12, 28 சதவீதப் படிகள் பெரும்பாலும் மறைந்து, 5, 18 என்ற இரண்டே பிரதானமாக நிற்கின்றன. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 ஐத் தொடக்க நாளாகக் கொண்டு இயற்றப்பட்ட 2025 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்திலோ, தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்ட 194-சி, 194-ஜே போன்ற பிரிவு எண்களே இடம் மாறிவிட்டன. பழைய எண்ணைச் சொல்லி, இப்போது அது மாறியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறவரைப் பற்றி உயர்ந்த எண்ணம் உண்டாவது இயல்பு.

அலுவலக நிர்வாகத்தைப் பற்றிய கேள்விகளைப் பலர் கேள்விகளாகவே மதிப்பதில்லை. "சில்லறை ரொக்கத்தை எப்படி வைத்துக்கொள்வீர்கள்?" என்றால், "கவனமாக வைத்துக்கொள்வேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். பெட்டியில் 5,000 ரூபாய் என்று தொகையை நிலையாக வைத்து, செலவான 4,260 ரூபாய்க்கும் வவுச்சர் இருந்தால் பெட்டியில் 740 இருந்தாகவேண்டும், வவுச்சரைக் கொடுத்து அந்த 4,260 ஐ மறுபடி வாங்கி நிரப்பிக்கொள்வேன், முதலாளி எந்த நிமிஷத்தில் வந்து எண்ணினாலும் காகிதமும் காசும் சேர்ந்து 5,000 வரும் என்று சொல்வது எவ்வளவு எளிது! உள்வரும் தபாலுக்கும் வெளிச்செல்லும் தபாலுக்கும் தனித்தனிப் பதிவேடு, தீ இன்ஷூரன்ஸ் முடியும் தேதி, ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தின் தேதி, உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கொருமுறை கட்டும் தொழில்வரி ஆகியவற்றைக் குறித்த ஒரே நாள்காட்டி, கோப்பைக் கேட்டால் எழுந்து போய் எடுத்து வர ஆகும் நேரம் என்று இப்படிப்பட்டவற்றில்தான் ஒரு காரியாலயத்தின் மானம் நிற்கிறது.

கடைசியாக, கேள்வியின் உருவத்தில் வராத கேள்வி ஒன்று உண்டு. பெயின்ட் அடித்தவருக்கு 18,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம், 9,000 வீதம் இரண்டு வவுச்சராகப் போட்டுவிடலாமா என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்பார். ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாகக் கொடுப்பது மொத்தத்தில் 10,000 ரூபாயைத் தாண்டினால், எத்தனை வவுச்சராகக் கிழித்தாலும் அது வருமானவரியில் செலவாக ஏற்கப்படாது. "அப்படிப் போட்டாலும் ஆடிட்டில் நிற்காதுங்க சார், இனிமேல் வங்கி வழியாகவே அனுப்பிவிடலாம்" என்று, உபதேசமும் இல்லாமல் உடன்பாடும் இல்லாமல் சொல்லும் பதில் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது உத்தமம். முதலாளி அதைக் கேட்டு முகம் சுளித்தால், வேலை கிடைக்காமல் போவதே லாபம். பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்றால், அங்கிருந்தவர்களைக் குறைசொல்லும் சந்தர்ப்பமாக அதைக் கொள்ளாமல், வேலை இன்னதுவரை கற்றேன், இதற்கு மேல் அங்கே வாய்ப்பில்லை என்று நிறுத்திக்கொள்வது போதும். பழைய முதலாளியின் கணக்கு ரகசியங்களைப் புதிய முதலாளியிடம் கொட்டுகிறவர், இவருடைய ரகசியங்களையும் ஒருநாள் கொட்டுவார் என்பது கேட்பவருக்குத் தெரியாததல்ல.

சம்பளப் பேச்சு வரும்போது, மொத்தச் சம்பளம் எவ்வளவு, பிடித்தங்கள் போகக் கையில் வருவது எவ்வளவு, தாக்கல் தேதிகளில் எத்தனை மணி வரை இருக்கவேண்டியிருக்கும் என்பவற்றை நாமே கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டியதில்லை; கணக்கு வேலைக்கு வந்தவர் தம் கணக்கைக் கேட்காமல் போவதுதான் விநோதம். சான்றிதழ்களின் மூலங்களைப் பார்க்கக் கொடுக்கலாம், அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டாம், நகல் போதும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரால் பணம் கேட்டாலும், அது வேலை கொடுக்கிற இடமல்ல என்று தெரிந்துகொண்டு, பயோடேட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.