திருத்தந்தையின் கயிறு

மலையேறச் செல்பவர்களின் பையில் இன்று கயிற்றுக்கு முன்பே செல்பேசி ஏறிவிடுகிறது. இதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. 1931 பிப்ரவரி 12-ல் மார்க்கோனியின் துணையோடு வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்த திருத்தந்தை 11ஆம் பயஸே ஒரு மலையேற்ற வீரர்தான்!

1889-ல், ஆக்கில்லே ராத்தி என்ற இளங்குருவாக, 4,634 மீட்டர் உயர மோந்தே ரோசா மலையில் ஆபத்தான கிழக்கு முகத்தின் வழியாக ஏறினார். உச்சிக்கு அருகே, குறுகிய பாறைத் திட்டில் இரவு. உறங்கினால் உறைபனியில் மரணம். நால்வரும் கால்களைத் தரையில் உதைத்தபடி, ஒருவரையொருவர் விழிக்க வைத்து விடியலைக் கண்டனர்.

42 ஆண்டுகள் கழித்து ஒலிவாங்கிமுன் அவர் இலத்தீனில் பேசியதும், தொலைவில் இருப்போருக்கு வீசிய கயிறாகவே நமக்குப் படுகிறது. நம் வீட்டிலும் நால்வர் கையில் செல்பேசி இருக்கிறது. பக்கத்து அறையில் தூக்கமின்றிப் புரளும் தாத்தாவோடு பேசத்தான் ஆளில்லை.