எலும்பு கட்டும் செல்லுக்குள்ளே

எலும்பு என்றதும் பால், கேழ்வரகு, கால்சியம் என்றுதான் பேச்சு போகும். அந்தக் கால்சியத்தை எலும்பில் சேர்க்கும் செல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு வகை ஸ்டெம் செல் எலும்பு செல்லாகவும் மாறும், கொழுப்பு செல்லாகவும் மாறும். வயது ஏற ஏறக் கொழுப்பின் பக்கமே சாய்கிறது, எலும்பு மெலிகிறது. இந்தச் சாய்வில், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்குண்டு.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்ஸிஜன் இல்லாமல் உடைத்தால் நிகரமாகக் கிடைப்பது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2. மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால் ஏறக்குறைய 30. அப்படியிருந்தும் ஸ்டெம் செல் பெரும்பாலும் முதல் வழியிலேயே காலம் தள்ளுகிறது. முழு எரிப்பில் கசியும் ஆக்ஸிஜன் வேதிப்பொருள்கள் டிஎன்ஏவைச் சிதைக்கும். நெடுங்காலம் பிழைத்திருக்க வேண்டிய செல்லுக்கு அது ஆகாது. ஆகவே அடுப்பைத் தணித்தே வைத்திருக்கிறது. எலும்பு கட்டும் நேரம் வந்ததும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன, ஆக்ஸிஜன் செலவு கூடுகிறது. கொலாஜன் புரதத்தை ஓயாமல் நெய்து வெளியே தள்ள அத்தனை ஆற்றல் வேண்டும்.

தணித்து வைப்பது யார்? பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவாகர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தார் குழு இதற்கு ஒரு விடை கண்டது. அஸ்ரிஜ் என்ற புரதத்தின் மனித வடிவம், மைட்டோகாண்ட்ரியாவின் முதல் சுவாசக் கூட்டுப்புரதத்தை அடக்கி வைக்கிறது என்று 2018இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்தப் புரதத்தைக் குறைத்தபோது கருநிலை ஸ்டெம் செல்களில் எரிப்பு கூடியது. அவை கருவின் நடு அடுக்கான இடைப்படையின் செல்களாக மாறும் போக்கும் கூடியது. நம் கைகால் எலும்புகளும் முதுகெலும்பும் அந்த இடைப்படையிலிருந்து உருவாகுபவைதான். எலும்பையே நேராக ஆராய்ந்த வேலையல்ல இது. ஆனால் செல்லின் தலையெழுத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் கை இருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மைட்டோகாண்ட்ரியா கெட்டால் என்ன ஆகும் என்பதை 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிழை திருத்திப் படியெடுக்கும் திறனை நீக்கிய எலிகளுக்கு, நடுவயதுக்கு முன்பே முடி கொட்டியது, முதுகு கூனியது, எலும்பு நொய்ந்தது.

மூட்டுவலிக்கு ஸ்டெம் செல் ஊசி என்ற விளம்பரங்கள் இன்று எங்கும் தென்படுகின்றன. ஸ்டெம் செல் எதுவாக மாறும் என்பது இத்தனை சிக்கலாக இருக்கையில், செல்லை உள்ளே செலுத்தினால் மட்டும் அது எலும்பாகிவிடாது. பணம் கட்டுமுன், அது அரசு ஒப்புதல் பெற்ற சிகிச்சையா அல்லது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.