திங்கட்கிழமை நெஞ்சு
ஊர் நலம் – தொடர் 9

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையம் சிட்கோ பக்கம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் ஓர் அக்காவிடம், "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். "ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்குப் போனா, குனிஞ்சு குடத்தைத் தூக்க முடியுதுங்களா?" இப்போது இடுப்பு வலி வரும், கழுத்து வலி வரும், மரத்துப்போகும் விரல்கள் வரும். பாத்ரூம் போக நேரமில்லாமல் தண்ணீரே குடிக்காததால் வந்த நீர்க்கடுப்பும் வரும். இரண்டு பதிலும் உண்மைதான். வேலைக்குப் போக முடிகிறவரை நல்லாயிருப்பதாகவே இங்கே கணக்கு.

ரத்தத்தில் எடுக்கும் அளவுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வாய் சொல்லும் அளவு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18இல் வீடுவீடாகப் போய், கடந்த 15 நாட்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டது. நாடு முழுதும் ஆம் என்றவர்கள் 7.5 சதவீதம். கேரளத்தில் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. பீகாரில் மிகக் குறைவு. அப்படியானால் பீகார்தான் ஆரோக்கியமான மாநிலமா? கேரளத்தில்தானே மக்கள் அதிக வயது வாழ்கிறார்கள்! இந்த முரணைத்தான் அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். படிப்பும் ஆஸ்பத்திரியும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர் தன் நோயை நோயென்று அறிகிறார். மற்றவருக்கு அது வழக்கமான அலுப்பு.

திருப்பூர் வட்டாரத்தில் ஒரே லைன் வீட்டில் தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் குடியிருக்கிறார்கள். சென் காட்டிய முரண் இங்கே ஒரே சுவருக்கு இருபுறமும் இருக்கிறது. மூவரின் பதிலையும் கூட்டிச் சராசரி போட்டால் வருவது யாருடைய உடம்பும் இல்லை.

அதற்காகக் கேட்பதையே விட்டுவிடலாமா? கூடாது என்பதற்குப் பஞ்சுத் தொழிலிலேயே சான்று இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்களின் மூச்சுக்கோளாறை ஆராய்ந்தார். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் கிடையாது. ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி தூசிக்குள் போகும்போது நெஞ்சு இறுகும். அதைத் தொழிலாளி சொன்னால்தான் தெரியும். எப்போதாவது ஒரு திங்களா, எல்லாத் திங்களுமா, மற்ற நாட்களிலுமா என்று கேட்டே ஷில்லிங் நோயின் படிநிலையை வகுத்தார். நூற்பாலைகளில்தான் இந்தத் தூசி அதிகம் என்றாலும், கட்டிங் டேபிளைச் சுற்றியும் பஞ்சு பறக்கத்தான் செய்கிறது.

ஷில்லிங் "நலமா?" என்று பொதுவாகக் கேட்கவில்லை; ஒரு கிழமையைச் சொல்லி, ஓர் உறுப்பைச் சொல்லிக் கேட்டார். இப்படிப் பிரித்துக் கேட்கும் வாழ்க்கைத் தர வினாத்தாளை உலக சுகாதார நிறுவனம் 1990களில் தயாரித்தபோது சென்னையும் டெல்லியும் அதன் ஆய்வு மையங்களில் இருந்தன. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். தூக்கம், பணம், பாதுகாப்பு, நட்பு எல்லாவற்றையும் கடந்த இரண்டு வாரத்தை வைத்துக் கேட்கிறது. நல்ல வினாத்தாள்தான். ஆனால் ஆர்டர் நெருக்கும் இரண்டு வாரமும், ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு வாரமும் பனியன் தொழிலாளிக்கு ஒன்றல்ல. எந்த இரண்டு வாரத்தில் கேட்டோம் என்பதையும் தாளில் குறித்தாக வேண்டும்.

யாரிடம், எங்கே கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும். இல்லையென்றால் மாமியார் மருமகளுக்காகப் பதில் சொல்வார். மருமகளின் வெள்ளைப்படுதலும் தூக்கமின்மையும் அவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்குள் கேட்டால் சூப்பர்வைசர் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், அவரவர் மொழியில், தனியாகக் கேட்க வேண்டும்.

அப்போதும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. முதுகு போனவரும் மூச்சு வாங்குகிறவரும் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். திருப்பூரில் கேட்டால் தெம்பாக இருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். போனவர்களின் முகவரியை வாங்கிக்கொண்டு தேனிக்கும் ஒடிசாவுக்கும் போய், எதனால் வேலையை விட்டீர்கள் என்று கேட்டால்தான் முதலிபாளையத்தின் கணக்கு முழுமையாகும்.

(தொடரும்)