ஹாக்கிப் பையனுக்கு ஏஜென்ட் எதற்கு?

பட்டாசு ஆர்டர் பிடிக்கும் ஏஜென்டை ஆனைக்குட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வடக்கே கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எழுதி வருவார். சரக்கு லாரி ஏறி, பணம் வந்து சேர்ந்ததும் கம்பெனி அவருக்குக் கமிஷன் கொடுக்கும். ஹாக்கி ஆடும் பையனுக்கு ஏஜென்ட் என்றால் என்ன சோலி? டீக்கடையில் ஒரு போர்மேன் அண்ணாச்சி இதைத்தான் கேட்டார். மகன் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கி ஹாக்கி ஆடுகிறான், பதினொன்றாம் வகுப்பு. யாரோ ஒருவர் போனில் பேசி, “பையனை நாங்க மேனேஜ் பண்றோம், ஒரு கையெழுத்து போதும்” என்றாராம்.

“நம்ம பய என்ன சரக்கா தம்பி, இவுக ஆர்டர் பிடிக்க?”

ஒரு டீக்குள் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. இரண்டாவது டீ சொன்னோம்.

அந்தப் போன் வந்ததில் ஆச்சரியமில்லை. சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி; தமிழ்நாட்டில் ஹாக்கிக்கு அதைப் போல இன்னொரு ஊர் இல்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என இருவர் அந்த விடுதியில் வளர்ந்தவர்கள். கார்த்தி அரியலூர்க்காரர், பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்தில் இந்தியா அடித்த ஒரே கோல் அவருடையது. வெண்கலத்தோடு திரும்பினார்கள். அதன் பிறகு அந்த மைதானத்தைச் சுற்றிக் கூடுதலாகச் சில கண்கள் திரும்புவது இயல்புதான்.

ஏஜென்ட் என்ற ஆளே எதற்காக வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளக் கனடா வரை போக வேண்டும். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. என்.எச்.எல். என்ற லீக்கில் கோர்டி ஹோவ் என்ற மகா ஆட்டக்காரர் டெட்ராய்ட் அணிக்காக இருபது வருடத்துக்கு மேல் ஆடினார். லீக்கிலேயே அதிகச் சம்பளம் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். முதலாளிகளும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். 1968-ல் பாபி பான் என்ற தடுப்பாட்டக்காரர் அதே அணிக்கு வந்து, தனக்கு 67,000 டாலர் என்று சொன்னார். ஹோவுக்கு 45,000. யாருக்கு எவ்வளவு என்று யாரும் வாய் திறக்காத காலம் அது. முதலாளியிடம் எல்லாருடைய கணக்கும் இருக்கும். ஆட்டக்காரரிடம் தன்னுடையது மட்டும். பேரத்தில் தோற்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஏஜென்ட் வந்தார். பத்துப் பேருக்காகப் பேசுகிறவருக்குப் பத்துப் பேருடைய சம்பளமும் தெரியும். பாபி ஓர் என்ற பதினெட்டு வயதுப் பையனுக்காக 1966-ல் பாஸ்டன் அணியுடன் பேரம் பேசிப் பெயர் வாங்கிய வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சன். அடுத்த வருடமே ஆட்டக்காரர் சங்கம் தொடங்கியபோது அதற்கும் அவரே தலைவர் போல ஆனார்.

“நல்லதுதானே?”

அங்கேதான் சிக்கல், அண்ணாச்சி. ஒரே ஆள் சங்கத்தை நடத்துகிறார், சங்கத்து ஆட்டக்காரர்களுக்குத் தனித்தனியாக ஏஜென்டாகவும் இருக்கிறார், சிகாகோ அணி முதலாளிக்கு நெருங்கிய நண்பராகவும் இருக்கிறார். 1976-ல் பாபி ஓர் பாஸ்டனை விட்டுச் சிகாகோவுக்குப் போனார். பாஸ்டன் அணியில் 18.5 சதவீதப் பங்கே தருவதாக முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். அது தன் காதுக்கு வந்து சேரவே இல்லை என்று ஓர் பின்னாளில் சொன்னார். முழங்கால் போய், முப்பது வயதில் ஆட்டத்தை விட்டபோது கையில் காசில்லை. ரஸ் கான்வே என்ற சிறு ஊர்ப் பத்திரிகைக்காரர் விடாமல் தோண்டினார். 1998-ல் ஈகிள்சன் பாஸ்டன் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கனடாவில் சிறைக்குப் போனார். கேட்கும்போது நம்ப முடியாதது என்னவென்றால், பாபி ஓர் பிறகு தானே ஏஜென்ட் ஆனார். இளம் ஆட்டக்காரர்களுக்காக ஒரு நிறுவனமே நடத்தினார்.

இப்போது என்.எச்.எல்.-இல் ஏஜென்டாக இருக்க வேண்டுமானால் ஆட்டக்காரர் சங்கத்தின் சான்று வேண்டும். சம்பளத்தில் 3 முதல் 5 சதவீதம் கமிஷன் என்பது வழக்கம். விளம்பரப் பணத்தில் கூடுதலாக எடுப்பார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. பதினெட்டு வயதுப் பையனை எந்த அணி எடுக்கும் என்பதை லீக்கின் தேர்வு முறை முடிவு செய்கிறது. முதல் ஒப்பந்தத்துக்கு உச்ச வரம்பு உண்டு. ஆகவே முதல் சில வருடம் ஏஜென்டால் பெரிதாக விலை பேச முடியாது. அந்த வருடங்களில் அவர் செய்வதெல்லாம் பையனையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்கிற வேலை. எந்த ஜூனியர் அணிக்குப் போவது, படிப்பை விடலாமா, கோடையில் எந்தப் பயிற்சியாளரிடம் விடுவது, தோள்பட்டை விலகினால் எந்த மருத்துவர், அணியிலிருந்து நீக்கப்பட்ட ராத்திரி போனை எடுப்பது யார். இவற்றுக்குப் பெரும்பாலும் காசு வராது. பின்னால் பெரிய ஒப்பந்தம் வரும் என்ற நம்பிக்கையில்தான் செய்கிறார்கள். நல்ல நிறுவனத்தையும் மற்றதையும் பிரித்துக் காட்டுவது இந்தக் காசில்லாத வருடங்கள்தான் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே ஹாக்கி இந்தியா லீக் இருக்கிறது. 2013 முதல் 2017 வரை நடந்தது, நின்றது, 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி. அந்த அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அடிப்படை விலை 10 லட்சம், 5 லட்சம், 2 லட்சம் என்று மூன்று பிரிவு. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா கிளப் 78 லட்சத்துக்கு எடுத்தது. அதுதான் அந்த ஏலத்தின் உச்சம். தமிழ்நாடு அணி நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது.

ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு ரூபாய் ஏற்ற முடியாது. “உங்க பையனை லீக்ல நல்ல விலைக்கு எடுக்க வைக்கிறேன்” என்று யாராவது சொன்னால், அவருக்கு ஏலம் எப்படி நடக்கிறது என்றே தெரியாது. தெரிந்து சொன்னால் இன்னும் மோசம்.

“அப்ப ஏஜென்ட் வேண்டாம்னு சொல்றியா?”

இல்லை. அவருக்கு வேலை ஏலம் முடிந்த பிறகு தொடங்குகிறது. கிளப் கொடுக்கும் ஒப்பந்தம் பத்துப் பதினைந்து பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். காயம் பட்டு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போனால் முழுப் பணம் வருமா, பாதியா? எத்தனை தவணை, எந்தத் தேதி? அணியின் விளம்பரத்தில் வந்து நிற்க வேண்டியது எத்தனை நாள்? கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரக்கூடும். தாக்கல் செய்யாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

மருந்து விஷயத்திலும் அவர் கண் வேண்டும். சளிக்கு வாங்கும் மாத்திரையில் தடைப்பட்ட பொருள் இருந்தால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டி வருடக்கணக்கில் தடை வரும். தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் பெரும்பாலும் எடுபடாது. மாத்திரைப் பெயரைப் போட்டுப் பார்க்க தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே ‘நோ யுவர் மெடிசின்’ என்ற செயலி வைத்திருக்கிறது. மட்டையும் ஷூவும் தரும் கம்பெனியைப் பிடிப்பது ஏஜென்டின் இன்னொரு வேலை.

வெளிநாட்டு கிளப்தான் ஏஜென்ட் நிஜமாகவே விலை பேசக்கூடிய இடம். அங்கே ஏலமில்லை. தன்ராஜ் பிள்ளை தன் காலத்தில் லண்டன், பிரான்ஸ், ஜெர்மனி, மலேசியா, டாக்கா என்று எத்தனையோ கிளப்புகளுக்கு ஆடினார். விசா, தங்குமிடம், போக வரச் செலவு, காப்பீடு, ஹாக்கி இந்தியா என்ற தேசியச் சம்மேளனத்தின் தடையில்லாச் சான்று இவ்வளவும் ஒரு பையனால் தனியாகப் பார்க்க முடியாதவை. 2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி என்று ஒரு லீக் நடந்தது. சென்னை சீட்டாஸ் என்று நமக்கும் அணி. சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. ஒரே சீசனோடு நின்றது. பணம் முழுதாக வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ‘இந்த லீக்குக்கு அங்கீகாரம் இருக்கிறதா’ என்று முன்னாலேயே கேட்கிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதி ஏஜென்ட் இருந்த மாதிரி.

அண்ணாச்சி கவலைப்பட்டது கையெழுத்தைப் பற்றி. அதைக் கொஞ்சம் நின்று சொன்னேன்.

பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அவன் போடும் ஒப்பந்தம் செல்லாது. “நான் அப்பன், நான் போடுறேன்” என்றாலும் பெரிய மாற்றமில்லை. 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ்ராணி வழக்கு என்று ஒன்று. சிறுமி சினிமாவில் நடிக்க அவள் தந்தை ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் பிரேம் அதீப் அதை முறித்தபோது வழக்கு வந்தது. சிறுமிக்காகத் தந்தை போட்டதும் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் இரண்டு பக்கமும் வெட்டு. அந்த ஏஜென்ட் பையனைக் கட்டிப்போட முடியாது என்பது நல்ல செய்தி. பையனுக்கு வர வேண்டிய காசைக் கேட்டு அந்தக் காகிதத்தோடு கோர்ட் ஏறவும் முடியாது என்பது மற்றது. ‘ஒரு கையெழுத்து போதும்’ என்றவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பு குறைவு. பயம் காட்டி வைப்பதற்குத்தான் பல காகிதங்கள் பயன்படுகின்றன.

பதினெட்டு முடிந்த பிறகு போடுவது வேறு கதை, அது பிடிக்கும். எவ்வளவு காலத்துக்குப் பிடிக்கும் என்பதற்கும் வழக்கு இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் 2000-ல் பர்செப்ட் டி'மார்க் என்ற நிறுவனத்தோடு மூன்று வருடத்துக்குக் கையெழுத்திட்டார். காலம் முடிந்த பிறகும், வேறு நிறுவனத்துக்குப் போகுமுன் தங்களிடம் சொல்லி, அதே தொகைக்குத் தங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. 2003-ல் அவர் வேறிடம் போனார். பர்செப்ட் வழக்குப் போட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் தொழிலைக் கட்டுப்படுத்தும் ஷரத்து சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் காலம் முடியும் வரை, ‘எங்களைத் தவிர வேறு யாரிடமும் போகாதே’ என்பது பொதுவாகச் செல்லும். அதனால் பத்து வருடம் என்று எழுதி நீட்டினால் யோசிக்க வேண்டும். இரண்டு வருடம் போதும். ஆறு மாத நோட்டீஸில் விலகலாம் என்று இருந்தால் இன்னும் நல்லது.

உண்மையில் கோவில்பட்டிப் பக்கத்துப் பையனுக்கு ஹாக்கியின் பலன் லீக் பணத்தைவிட வேலையாகத்தான் வந்து சேர்கிறது. ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை, காவல் துறை, தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. அதற்கு வேண்டியது ஏஜென்ட் அல்ல, ஒழுங்கான ஃபைல். இந்தியாவுக்காக ஆடியதற்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஃபார்ம் 2, யார் கையெழுத்து, எந்த வருடம் என்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். போட்டி முடிந்த வாரத்திலேயே வாங்கிவிட்டால் வேலை சுலபம். மூன்று வருடம் கழித்துச் சங்கச் செயலாளரைத் தேடிப் போனால் அவரே மாறியிருப்பார். இந்த ஃபைலைப் பையனுடைய அம்மாவே வைத்துக்கொள்ளலாம். காசு ஆகாது.

அண்ணாச்சி கடைசியாக ஒன்று கேட்டார். அதுதான் என்னைக் கேட்டால் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். “கமிஷன்னா எதுல எடுப்பாக?”

ஒப்பந்தத்தில் ‘வருமானம்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் எல்லாவற்றிலும். ரயில்வேயில் சேர்ந்தால் மாதச் சம்பளம் வருமானம்தான். தமிழக அரசு ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி தருகிறது. கமிஷனுக்குள் அதுவும் வந்துவிடும். ஆகவே ஏஜென்ட் தானே பிடித்துக் கொண்டுவந்த விளம்பரம், தானே பேசிய வெளிநாட்டு ஒப்பந்தம் இரண்டில் மட்டும் கமிஷன் என்றும், அரசு வேலைச் சம்பளம், அரசுப் பரிசு, ஏலத்தில் வந்த தொகை மூன்றும் வெளியே என்றும் தமிழில் எழுதிக் கேட்கச் சொன்னேன். கிளப்பிடமோ கம்பெனியிடமோ அவர் தனியாக எதுவும் வாங்கமாட்டார் என்று ஒரு வரியும் சேர்த்து.

“எழுதித் தரமாட்டேன்னா?”

“பதினெட்டு முடியட்டும்னு சொல்லிருங்க அண்ணாச்சி. பய இன்னும் பிளஸ் டூ எழுதல.”