எல்லைக் கோட்டில் கட்சிக் கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைப் பெறும் ஒவ்வொரு மாநிலமும் அதன்பின் தன் நிலப்பரப்பைத் தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இப்பணி அதற்கெனச் சட்டப்படி அமைக்கப்படும் தொகுதி மறுவரையறை ஆணையத்தைச் சேர்ந்தது. அங்கேயோ பெரும்பாலான மாநிலங்களில் கோடு வரைபவர்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே, அதாவது அந்தக் கோடுகளால் ஆதாயமோ நட்டமோ அடையப்போகிறவர்களே. இந்த ஏற்பாட்டின்மீது வாக்காளர்கள் கொண்டுள்ள அவநம்பிக்கைக்கு இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு.

1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாக மாநில செனட் தொகுதிகளை அமைத்த சட்டத்தில் கையொப்பமிட்டபோது, வளைந்து நெளிந்து கிடந்த ஒரு தொகுதியின் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் சேர்த்து பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று கேலிச்சித்திரம் வெளியிட்டது. சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியின் பெயரை ஆளுநரின் பெயரோடு ஒட்டிப் பிறந்த ‘ஜெர்ரிமாண்டரிங்’ என்ற சொல், கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லைகளைத் திரிப்பதற்கு இன்றுவரை வழங்கிவருகிறது. அவ்வாண்டு எதிர்க்கட்சி சற்றுக் கூடுதல் வாக்குகள் பெற்றும் 40 இடங்களில் 11 மட்டுமே அதற்குக் கிடைத்தன. ஆனால் கெர்ரி தோற்றார். ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாதலால், திரிப்பதற்கு அங்கே எல்லை ஏதும் இருக்கவில்லை.

இந்தத் தந்திரத்தின் கணக்கு எளியது. 100 வாக்காளர்கள் தலா 20 பேர் கொண்ட ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்படுவதாகவும், அவர்களுள் 55 பேர் ஒரு கட்சியையும் 45 பேர் மற்றொரு கட்சியையும் ஆதரிப்பதாகவும் கொள்வோம். கோடு வரையும் அதிகாரம் சிறிய கட்சியிடம் இருந்தால், அது எதிரணியின் ஆதரவாளர் 19 பேரை ஒரே தொகுதிக்குள் குவித்துவிட்டு, எஞ்சிய 36 பேரை மற்ற நான்கு தொகுதிகளுக்கும் ஒன்பது ஒன்பதாகச் சிதறவிடும். அந்த நான்கிலும் 11க்கு 9 என்ற கணக்கில் சிறுபான்மைக் கட்சியே வெல்லும். குவித்தல், சிதறடித்தல் என்னும் இவ்விரண்டே இதன் அடிப்படை. வாக்காளர்களின் கட்சிச் சார்பைத் தெரு வாரியாகக் காட்டும் கணினி மென்பொருள்கள் வந்தபின், கோணல்மாணலான வடிவம்கூடத் தேவையற்றுப் போயிற்று. நேர்த்தியாகத் தோன்றும் வரைபடத்துக்குள்ளும் இந்தக் கணக்கை ஒளித்துவைக்க முடியும் என்பதே இன்றைய சிக்கல்.

2010 கணக்கெடுப்புக்குப் பிந்தைய வரைபடங்கள் இதைத் தெளிவாகக் காட்டின. பென்சில்வேனியாவில் 2012ஆம் ஆண்டு நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் 18 இடங்களில் 5 மட்டுமே வென்றனர். அவ்வரைபடத்தை 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கிப் புதியதை நடைமுறைப்படுத்தியதும் இடங்கள் 9, 9 எனப் பிரிந்தன. விஸ்கான்சினில் வரைபடம் ஒரு தனியார் சட்ட நிறுவன அலுவலகத்தில் தயாராயிற்று. அதைக் காண வந்த குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ரகசியம் காப்பதாகக் கையொப்பம் பெறப்பட்டது. மக்களின் வாக்குரிமை குறித்த ஆவணத்தை மக்களிடமிருந்தே மறைக்க வேண்டியிருந்தது என்றால், அவநம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும், ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் பெருநகரங்களில் செறிந்து வாழ்வதால், நடுநிலையாக வரைந்தாலும் சில மாநிலங்களில் அக்கட்சிக்கு ஓரளவு இழப்பு நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குற்றம் ஒரு கட்சியோடு நிற்பதும் இல்லை. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியினர் 2011இல் ஆறாம் தொகுதியை மாற்றி வரைந்து, நீண்டகாலக் குடியரசுக் கட்சி உறுப்பினரைத் தோற்கடித்தனர். அவ்வழக்கையும், 13 இடங்களில் 10ஐத் தம் கட்சிக்கு ஒதுக்கியதாகவும் பதினொன்றாக்க இயலும் என்று தாம் நம்பவில்லை என்றும் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே கூறிய வட கரோலினா வழக்கையும் ஒருசேர விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய வரைபடங்களின் விளைவு அநீதியாகத் தோன்றுவதை ஒப்புக்கொண்டபோதிலும், அவற்றை அளக்கும் சட்ட அளவுகோல் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் இல்லை என்று 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு அடைபட்ட நிலையில் எஞ்சியவை மாநில நீதிமன்றங்களும் பொதுவாக்கெடுப்புமே. அதற்கு முந்திய ஆண்டே மிச்சிகன் வாக்காளர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டு ஆதரவுடன் இப்பணியைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்து, இரு கட்சிகளிலிருந்தும் தலா நால்வர், எக்கட்சியும் சாராதவர் ஐவர் எனக் குலுக்கலில் தேர்வாகும் 13 குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் ஒப்படைத்திருந்தனர். அந்த ஆணையமும் பிழையற்றதன்று. டெட்ராய்ட் பகுதியின் 13 தொகுதிகள் இன அடிப்படையை முதன்மைப்படுத்தி வரையப்பட்டவை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2023இல் அவற்றைச் செல்லாதனவாக்கியது. கட்சியை விலக்கினால் தவறு விலகிவிடும் என்பது மிகையான நம்பிக்கை. ஆனால் தவறிழைத்தவர்களுக்கு அதைக் காத்துநிற்பதில் பதவி ஆதாயம் இல்லாதிருப்பது சிறிய வேறுபாடன்று.

இம்முறையின் பெரிய பலவீனம் வேறிடத்தில் உள்ளது. 2008, 2010 பொதுவாக்கெடுப்புகளின் வழியே குடிமக்கள் ஆணையத்தை உருவாக்கிய கலிபோர்னியாவே, டெக்சஸ் குடியரசுக் கட்சியினர் 2025இல் பத்தாண்டின் நடுவிலேயே ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பெறும் நோக்குடன் வரைபடத்தை மாற்றியதும், ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை ஒதுக்கிவிட்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான ஒன்றை 2030 தேர்தல் வரைக்கும் அதே பொதுவாக்கெடுப்பு முறையில் ஏற்றுக்கொண்டது. எதிர்த்தரப்பு ஆயுதத்தைக் கீழே வைக்காதபோது ஒரு மாநிலம் மட்டும் நேர்மையாக இருப்பது அங்கு ஆளும் கட்சியின் ஆதரவாளர்களுக்கு ஏமாளித்தனமாகவே தோன்றும். ஆகவே மாநிலம் மாநிலமாகச் செய்யப்படும் சீர்திருத்தம் நிலைக்காது, நாடு முழுவதையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் விதியே தேவை. பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முறையை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் சுதந்திரமான ஆணையங்களைக் கட்டாயமாக்கும் மசோதா 2021 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையைக் கடக்க அதனால் இயலவில்லை.